பராமரிப்பவர் யார்? – மருத்துவக் கஞ்சாவும் நோயாளியின் தேர்வுரிமையும்

1996ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி கலிஃபோர்னியா மாநில வாக்காளர்கள் 215ஆம் எண் முன்மொழிவை ஏற்றுக்கொண்டார்கள். ஆதரவு வாக்குகள் 55 சதவீதத்துக்குச் சற்று அதிகம். மருத்துவர் ஒருவர் எழுத்தாலோ வாய்மொழியாலோ பரிந்துரைத்தால் கடுமையாக நோயுற்றவர்கள் கஞ்சாவைப் பெறவும் பயன்படுத்தவும் உரிமை உண்டு என்றது அச்சட்டம். வைத்திருப்பதற்கும் பயிரிடுவதற்குமான தண்டனைகளிலிருந்து இருவருக்கு விலக்கு அளித்தது. ஒருவர் நோயாளி. மற்றவர் அவருடைய ‘முதன்மைப் பராமரிப்பாளர்’.

‘பெறவும்’ என்று சொன்ன சட்டம், எங்கிருந்து பெறுவது என்று சொல்லவில்லை. விற்பதற்கு அதில் அனுமதி இல்லை. கடை என்ற சொல்லே அதில் இல்லை. தேவையுள்ள நோயாளிகள் அனைவருக்கும் பாதுகாப்பாகவும் கட்டுப்படியாகும் விலையிலும் விநியோகிக்க மத்திய, மாநில அரசுகள் ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்ற ஊக்குவிப்பு மட்டும் இருந்தது. அத்திட்டம் உடனே வரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பராமரிப்பாளர், விநியோகக் கடை என்ற இரண்டு உருவங்களும் வளர்ந்தன. நோயாளி தன் மருந்தை யார் கையிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்பதை அவரே தீர்மானிக்க முடியுமா என்ற கேள்விக்குக் கால் நூற்றாண்டாக நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் மாறிமாறி விடை சொல்லி வந்திருக்கின்றன. அந்த விடைகளின் வரலாற்றை இங்கே சுருக்கமாகப் பார்க்கலாம்.

*

கஞ்சா மேற்கத்திய மருத்துவத்துக்குள் நுழைந்ததில் இந்தியாவுக்கு நேரடித் தொடர்பு உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷானசி என்ற ஐரிஷ் மருத்துவர் இங்குள்ள வைத்தியர்களின் பயன்பாட்டைக் கவனித்து, தாமும் சோதித்து, 1839ஆம் ஆண்டு ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். வாதநோய், தசைவிறைப்பு ஜன்னி, குழந்தைகளின் வலிப்பு ஆகியவற்றில் அது தரும் நிவாரணத்தை அதில் விவரித்தார். அதன்பின் ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக்கடைகளில் கஞ்சாச் சாறு சாதாரணப் பொருளாயிற்று. 1850களிலிருந்து அமெரிக்க மருந்தியல் தொகுப்பில் அது இடம்பெற்றிருந்தது. 1937ஆம் ஆண்டின் வரிச்சட்டம் மருத்துவர்களை அதிலிருந்து விலக்கியது. 1942ஆம் ஆண்டு தொகுப்பிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், மருத்துவப் பயன் ஏதுமற்றவை என்று கருதப்பட்ட முதல் அட்டவணையில் அதை வைத்தது.

அந்த அட்டவணையில் முதல் ஓட்டையை ஏற்படுத்தியவர் ராபர்ட் ராண்டல். கிளாக்கோமா நோயால் பார்வையை இழந்துகொண்டிருந்த அவர் வாஷிங்டனில் தம் வீட்டில் சில செடிகளை வளர்த்ததற்காகக் கைதானார். மருத்துவத் தேவையின் காரணமாகவே வளர்த்தேன் என்ற அவருடைய வாதத்தை நீதிமன்றம் 1976ஆம் ஆண்டு ஏற்றது. பிறகு அரசே மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் வயலில் விளைந்த கஞ்சாவைச் சுருட்டி, தகரடப்பாவில் அடைத்து அவருக்கு அளிக்கத் தொடங்கியது. 1978ஆம் ஆண்டு இது ஒரு திட்டமாயிற்று. எய்ட்ஸ் நோயாளிகளின் விண்ணப்பங்கள் குவியத் தொடங்கியதும் 1992ஆம் ஆண்டு அத்திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டது. ஏற்கெனவே பெற்றுவந்த ஒரு சிலருக்கு மட்டும் டப்பாக்கள் தொடர்ந்து வந்தன. சட்டபூர்வமாகக் கஞ்சா தரும் கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அரசின் கை. அதுவும் மடக்கிக்கொண்டது.

*

அப்போது சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் தன் இளைஞர்களை எய்ட்ஸுக்குப் பலிகொடுத்துக்கொண்டிருந்தது. அன்றைய மருந்துகள் கடும் குமட்டலைத் தந்தன. உணவு உள்ளே தங்காமல் உடல் உருகிச் சாவதே அந்நோயின் பெரிய கொடுமையாக இருந்தது. கஞ்சா குமட்டலைத் தணித்துப் பசியைக் கொடுத்தது. நோயாளிகள் இதை மருத்துவர்களிடமிருந்து அல்ல, ஒருவரிடமிருந்து ஒருவர் அறிந்துகொண்டார்கள்.

இந்த வரலாற்றில் இரண்டு பெயர்கள் மையமானவை. டெனிஸ் பெரோன் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர், கஞ்சா விற்றவர், அதை மறைக்காதவர். 1990 ஜனவரியில் காவலர்கள் அவர் வீட்டைச் சோதனையிட்டுக் கஞ்சாவைக் கைப்பற்றினார்கள். அது தன்னுடையது, தன் நோய்க்கானது என்று அவருடைய துணைவர் ஜோனதன் வெஸ்ட் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். எய்ட்ஸ் முற்றியிருந்த வெஸ்ட் அந்த ஆண்டே இறந்தார். அடுத்த ஆண்டு பெரோன் முன்னின்று நடத்திய நகர முன்மொழிவு ஏறத்தாழ 80 சதவீத ஆதரவைப் பெற்றது. சட்ட வலிமை இல்லாத வெறும் வேண்டுகோள் அது. ஆனால் நகரத்தின் மனநிலையை அது சொல்லிவிட்டது. பிறகு அவர் தொடங்கிய கஞ்சா வாங்குவோர் சங்கம் மார்க்கெட் தெருவில் ஐந்து மாடிக் கட்டடமாக வளர்ந்தது. நோயாளிகள் அங்கே வாங்குவதற்கு மட்டும் வரவில்லை. உட்கார்ந்து பேசினார்கள், தனிமையை இறக்கிவைத்தார்கள்.

மற்றவர் மேரி ஜேன் ரத்பன், ‘பிரௌனி மேரி’. 1922ஆம் ஆண்டு பிறந்த உணவகப் பணிப்பெண். ஒரே மகளைச் சாலை விபத்தில் இழந்தவர். கஞ்சா கலந்த பிரௌனி கேக்குகளைச் சுட்டு விற்றதற்காக 1981ஆம் ஆண்டு கைதானார். தண்டனையாகச் சமூக சேவை விதிக்கப்பட்டது. சேவைக்காலம் முடிந்தும் அவர் நிறுத்தவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் எய்ட்ஸ் புறநோயாளிப் பிரிவான 86ஆம் வார்டில் தன்னார்வலராக உழைத்தார். நோயாளிகளைத் தம் பிள்ளைகள் என்றே அழைத்தார். அவர்களுக்கு பிரௌனிகளை இலவசமாகக் கொடுத்தார். 1992ஆம் ஆண்டு மீண்டும் கைதானபோது அவருக்கு அறுபத்தொன்பது வயது. அந்த ஆகஸ்ட் மாதம் நகர ஆட்சிமன்றம் ஒரு நாளை அவர் பெயரால் அறிவித்துப் பாராட்டியது. வழக்கும் நிலைக்கவில்லை.

இவர்களை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரோன் விற்பனையாளரா, பராமரிப்பாளரா? விற்றதற்காகக் கைதாகிப் பராமரிப்பாளராக மாறிய மேரி எந்த நாளில் அந்தக் கோட்டைக் கடந்தார்? பின்னால் நீதிமன்றங்கள் எழுப்பிய கேள்விகள் அனைத்தும் இந்த இரு வாழ்க்கைகளிலும் ஏற்கெனவே இருந்தன.

*

215ஆம் முன்மொழிவு முதன்மைப் பராமரிப்பாளரை வரையறுக்கும் வாசகம் சிறியது. நோயாளியால் நியமிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். அந்த நோயாளியின் உறைவிடம், உடல்நலம் அல்லது பாதுகாப்புக்குத் தொடர்ந்து பொறுப்பேற்று வந்தவராகவும் இருக்க வேண்டும். இதன் முதல் பாதி நோயாளியின் உரிமை. இரண்டாம் பாதி மற்றவர்கள் மெய்ப்பிக்கக் கேட்கும் தகுதி.

முதல் பாதியின் பெறுமதியை அந்தக் காலத்தில் வைத்துத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும். அன்று எய்ட்ஸ் நோயாளிகள் பலரைப் பெற்றோரே கைவிட்டிருந்தார்கள். படுக்கையருகே இருந்த துணைவருக்குச் சட்டத்தின் பார்வையில் எந்த உறவுமில்லை. ஒருபால் இணையர்களை மாநில அளவில் பதிவு செய்ய வழிவகுத்த கலிஃபோர்னியச் சட்டம் வந்ததே 1999ஆம் ஆண்டில்தான். இரத்த உறவையோ திருமணத்தையோ கேட்காமல், ‘நோயாளி யாரைச் சொல்கிறாரோ அவர்’ என்று ஒரு சட்டம் சொன்னது சிறிய காரியமல்ல.

இரண்டாம் பாதி விரைவிலேயே நீதிமன்றத்துக்கு வந்தது. 1996 ஆகஸ்டில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் டான் லங்ரனின் அதிகாரிகள் பெரோனின் சங்கத்தைச் சோதனையிட்டு மூடியிருந்தார்கள். முன்மொழிவு நிறைவேறியபின், 1997 ஜனவரியில் அது மீண்டும் திறந்தது. இம்முறை ஒவ்வோர் உறுப்பினரும் சங்கத்தையே தம் முதன்மைப் பராமரிப்பாளராக நியமித்துக் கையொப்பமிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கஞ்சா விற்கும் ஒரு நிறுவனம் அவர்கள் ஒவ்வொருவரின் உறைவிடத்துக்கும் நலத்துக்கும் தொடர்ந்து பொறுப்பேற்றதாகக் கொள்ள முடியாது என்றது. உண்மையான பராமரிப்பாளர் தம் செலவைத் திரும்பப் பெறலாம் என்ற சலுகையை மட்டும் கொடுத்தது. சங்கம் 1998ஆம் ஆண்டு மூடப்பட்டது.

2008 நவம்பரில் மென்ட்ச் வழக்கில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கமான விடையைத் தந்தது. சான்டா குரூஸ் மாவட்டத்தில் ஒருவர் சில நோயாளிகளுக்காகக் கஞ்சா பயிரிட்டுக் கொடுத்தார். எப்படிப் பயன்படுத்துவது என்று ஆலோசனையும் சொன்னார். ஓரிருவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றதும் உண்டு. அது போதாது என்றது நீதிமன்றம். பராமரிப்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். கஞ்சாவோடு தொடர்பில்லாத பராமரிப்பாக இருக்க வேண்டும். கஞ்சா கொடுக்கத் தொடங்குவதற்கு முன்போ, குறைந்தபட்சம் அதே சமயத்திலோ அது தொடங்கியிருக்க வேண்டும். மருந்து கொடுப்பதால் ஒருவர் பராமரிப்பாளர் ஆவதில்லை. ஏற்கெனவே பராமரிப்பாளராக இருப்பவரே மருந்து கொடுக்கலாம்.

தீர்ப்பின் தர்க்கத்தை நாம் மறுக்க முடியாது. ‘நியமித்தல்’ மட்டும் போதுமென்றால் கையொப்பம் வாங்கும் எந்த வியாபாரியும் பராமரிப்பாளராகிவிடுவார். ஆனால் இதன் விளைவு யார்மீது விழுந்தது என்று பார்க்க வேண்டும். மனைவியோ மகனோ தோழியோ உள்ள நோயாளிக்கு இத்தீர்ப்பால் இழப்பு ஒன்றுமில்லை. யாருமற்றவர், வாடகை அறையில் தனியாகக் கிடப்பவர், செடி வளர்க்க நிலமோ தெம்போ இல்லாதவர், அவருக்குத்தான் நியமிக்க ஆள் இல்லை. யாருமில்லாதவருக்கு முதலில் வந்து உதவுபவர் மருந்தோடு வந்திருந்தால், அந்த உதவி சட்டத்தின் கணக்கில் உதவியாகாது.

*

மிச்சிகன் மாநிலம் வேறொரு வழியைப் பிடித்தது. 2008ஆம் ஆண்டு 63 சதவீத வாக்காளர்கள் ஏற்ற அங்குள்ள சட்டம் அன்பையும் தொடர்ச்சியையும் அளக்க முயலவில்லை, எண்ணிக்கையை வைத்தது. ஒரு நோயாளிக்கு ஒரு பராமரிப்பாளர், ஒரு பராமரிப்பாளருக்கு அதிகபட்சம் ஐந்து நோயாளிகள், ஒவ்வொரு நோயாளிக்கும் 12 செடிகள். பதிவேட்டில் பெயர் இணைந்தால் உறவு உறுதி. நோயாளியின் சொல்லுக்கு இங்கே முழு மதிப்பு. ஆனால் அந்த ஒருவரின் பயிர் பட்டுப்போனால், அவர் விலையை ஏற்றினால், வேறு வாசல் இல்லை. கடைகள் அந்த இடைவெளியை நிரப்பப் பார்த்தன. 2013ஆம் ஆண்டு மக்குவீன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், நோயாளிகளுக்கிடையிலான விற்பனைக்குப் பாதுகாப்பு இல்லை என்று கூறி அப்படிப்பட்ட ஒரு கடையை மூடியது சரியே என்றது. உரிமம் பெற்ற கடைகளுக்கு வழிசெய்யும் சட்டம் 2016ஆம் ஆண்டில்தான் வந்தது.

இரண்டு மாநிலங்களுக்கும் மேலே மத்திய அரசு நின்றது. ஓக்லந்து நகர வாங்குவோர் கூட்டுறவு அமைப்பின் வழக்கில், மருத்துவத் தேவை என்ற வாதம் கஞ்சா தயாரிப்பவருக்கோ விநியோகிப்பவருக்கோ கிடையாது என்று 2001ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர் தம் நோயாளியிடம் கஞ்சாவைப் பரிந்துரைத்துப் பேசும் உரிமை மட்டும் 2002ஆம் ஆண்டு கோனன்ட் வழக்கில் காப்பாற்றப்பட்டது. பேசலாம், கொடுக்க முடியாது.

2005ஆம் ஆண்டின் ரெய்ச் வழக்கு பரவலாக அறியப்பட்டது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வளர்ப்பதையும் மத்திய அரசு தடுக்கலாம் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிபதிகள் முடிவு செய்தார்கள். அந்த வழக்கின் மனுதாரர்கள் நால்வர். ஏஞ்சல் ரெய்ச், டயேன் மான்சன் ஆகிய நோயாளிகள் இருவர். மற்ற இருவரும் ரெய்ச்சுக்காகக் காசு வாங்காமல் பயிரிட்டுக் கொடுத்த பராமரிப்பாளர்கள். வழக்கு ஆவணங்களில் அவர்கள் ‘ஜான் டோ எண் 1’, ‘ஜான் டோ எண் 2’ என்றே குறிப்பிடப்பட்டார்கள். தம் பெயரைச் சொல்லி நீதி கேட்கக்கூட முடியாத நிலையில் இருந்தார்கள் என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

சான்டா குரூஸில் வேலரி கோரலும் மைக் கோரலும் 1993ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் அமைப்பு, இருவழிகளுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்றைக் காட்டியது. அங்கே விலை இல்லை. நோயாளிகளே இயன்றபோது தோட்டத்தில் உழைத்தார்கள், இயலாதபோது மற்றவர்களின் உழைப்பைப் பெற்றார்கள். இறந்துகொண்டிருப்பவர்களின் அருகில் உட்கார்ந்திருப்பதும் அவர்களுடைய வேலையாக இருந்தது. 2002 செப்டம்பர் 5ஆம் தேதி அதிகாலையில் மத்திய அதிகாரிகள் நுழைந்து 167 செடிகளைப் பிடுங்கினார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, நகர ஆட்சியாளர்கள் உடனிருக்க, நகர மன்ற வாசலிலேயே நோயாளிகளுக்குக் கஞ்சா வழங்கப்பட்டது.

*

‘டிஸ்பென்சரி’ என்ற சொல் நம் செவிக்கு அந்நியமல்ல. நகராட்சி டிஸ்பென்சரி, இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி என்றால் வரிசையில் நின்று காசில்லாமல் மருந்து வாங்கும் இடம் என்றே நாம் அறிந்திருக்கிறோம். கலிஃபோர்னியாவில் அந்தச் சொல் எதிர்த்திசையில் பயணித்தது. நோயாளிகள் கூட்டாகப் பயிரிட அனுமதித்த 420ஆம் எண் சட்டம் 2003ஆம் ஆண்டு நிறைவேறியது. அதை ஆதாரமாகக் கொண்டு, லாப நோக்கற்ற கூட்டமைப்பு என்ற பெயரில் கடைகள் பெருகின. 2008ஆம் ஆண்டு மாநிலத் தலைமை வழக்கறிஞர் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் முறையாக அமைந்த கூட்டமைப்புக் கடைகளுக்கு இடமளித்தன. யாருமற்ற நோயாளிக்கு முதன்முறையாகத் திறந்த கதவு அது. ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்குப் போகலாம்.

கதவு எல்லா ஊர்களிலும் திறக்கவில்லை. ஊராட்சிகள் தம் எல்லைக்குள் இக்கடைகளை முழுமையாகத் தடைசெய்யலாம் என்று 2013ஆம் ஆண்டு ரிவர்சைடு வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. 2016ஆம் ஆண்டு வயதுவந்தோர் அனைவருக்கும் கஞ்சாவை அனுமதித்த 64ஆம் முன்மொழிவு நிறைவேறியது. பெரோன் அதை எதிர்த்தார். எல்லாப் பயன்பாடும் மருத்துவப் பயன்பாடே என்று நம்பிய அவர், இது வணிகத்தின் வெற்றி என்று கருதினார். 2018 ஜனவரி முதல் நாள் அச்சட்டப்படி விற்பனை தொடங்கியது. அந்த மாத இறுதியில் அவர் காலமானார். புதிய முறையில் இலவசமாகக் கொடுக்கப்படும் கஞ்சாவுக்கும் வரி கட்ட வேண்டியிருந்தது. விற்காத பொருளுக்கு வரி கட்டி யார் தானம் செய்ய முடியும்? ஏழை நோயாளிகளுக்கான இலவசத் திட்டங்கள் பல நின்றுபோயின.

இதைச் சரிசெய்யும் சட்டம் 2019 அக்டோபரில் கையெழுத்தானது. இலவச மருத்துவக் கஞ்சாவுக்கு வரிவிலக்கு அளித்த அச்சட்டத்துக்கு டெனிஸ் பெரோன், பிரௌனி மேரி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது. மேரி இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இன்னொரு சட்டம், 2024 ஜனவரி முதல் ஊராட்சிகள் எதுவும் நோயாளியின் வீட்டுக்கு மருத்துவக் கஞ்சா கொண்டுவந்து கொடுப்பதைத் தடைசெய்ய முடியாது என்றது. தன் ஊர் என்ன நினைத்தாலும், நோயாளி தனக்கான விநியோகிப்பாளரைத் தேர்ந்துகொள்ளும் வழி இதனால் கிடைத்தது.

*

பின்னோக்கிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பராமரிப்பாளரைச் சட்டம் இறுக்க இறுக்க நோயாளி கடையை நோக்கிப் போனார். கடை வணிகமாக ஆனபோது பணமில்லாதவர் வெளியே நின்றார். பிறகு இலவசமாகக் கொடுப்பவரைச் சட்டம் தேடிப்போய் அழைத்தது. தேர்வுரிமை என்பதைக் காகிதத்தில் எழுதிவிடலாம். தேர்ந்துகொள்ள ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் நீளும்போதுதான் அது உரிமையாகிறது.

2021ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் ‘ரயன் சட்டம்’ இயற்றப்பட்டது. மரணத்தை நெருங்கிய நோயாளிகள் மருத்துவமனைக்குள் மருத்துவக் கஞ்சாவைப் பயன்படுத்த நிர்வாகம் அனுமதிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. புகைக்கக் கூடாது, உண்ணலாம். ஒரு காலத்தில் மேரி 86ஆம் வார்டுக்குள் எடுத்துப்போன கேக்குகளை இன்று சட்டத்தின் துணையோடு வார்டுக்குள் கொண்டுபோகலாம். ஆனால் மருத்துவமனை ஊழியர்கள் அதைக் கொடுக்க மாட்டார்கள். கொண்டுவருவதும் கொடுப்பதும் எடுத்துப்போவதும் நோயாளியின் பொறுப்பு, அல்லது அவருடைய முதன்மைப் பராமரிப்பாளரின் பொறுப்பு. தானாக எடுத்து உண்ண முடியாத, பராமரிப்பாளர் என்று சொல்ல யாருமில்லாத நோயாளிக்கு அந்தச் சட்டம் என்ன தருகிறது? 86ஆம் வார்டில் மேரிக்குப் ‘பிள்ளைகளாக’ இருந்தவர்களில் எத்தனை பேர் அவரை முறைப்படி நியமித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம். அவர் யாரிடமும் கையொப்பம் கேட்டு வந்தவரல்ல.